ஒரே பைத்தான் ஸ்கிரிப்ட், மூன்று கணினி: தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளைத் தேடித் திறப்பது

புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. எழுத்தாளர்கள் அனுப்பும் வேர்டு கோப்புகள் பெரும்பாலும் விண்டோஸில் தட்டியவை. அட்டை போடும் தம்பி மேக் வைத்திருக்கிறான். என் மேசையில் உபுண்டு. ஒரு நூல் அச்சுக்குப் போவதற்குள் அதே கோப்பு பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலுமாக மூன்று கணினிகளையும் சுற்றி வந்துவிடும். "அக்கா, கடைசியா திருத்தினது எது?" என்ற கேள்வி மட்டும் ஓயாது. அதற்குப் பதில் சொல்லத்தான் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். பெயரில் ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். கோப்பைத் தேடி, இருப்பதில் புதியதை எடுத்து, அந்தக் கணினியில் எது வழக்கமான செயலியோ அதில் திறந்து வைக்கும்.

இதை எழுதுவது எப்படி என்று சொல்கிறேன். பெரும்பாலான பாடங்களில் வரும் கோப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்ப் பெயர் வந்ததும் வேறு சில இடங்களில் வழுக்கும். அந்த இடங்களில் கொஞ்சம் அதிகமாக நிற்கப் போகிறேன்.

பைத்தான் சொற்களை ஒலிப்பு வழியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். 'பாத்' என்ற வகுப்புக்கும் பிழைகளின் பெயர்களுக்கும் முதல் எழுத்து பெரியது. மாறிகளின் பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும், பைத்தான் 3 அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். ஸ்கிரிப்டை ஓட்ட விண்டோஸில் 'பை' என்றும், மற்ற இரண்டில் 'பைத்தான்3' என்றும் தொடங்க வேண்டும்.

பாதையைக் கையால் எழுதாதீர்கள்

விண்டோஸ் ஃபோல்டர்களைப் பின்சாய்வுக் கோட்டால் பிரிக்கும், மேக்கும் லினக்ஸும் முன்சாய்வுக் கோட்டால் பிரிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பைத்தான் சரத்துக்குள் பின்சாய்வுக்குத் தனி வேலை உண்டு. அதன் பின்னால் 'என்' வந்தால் புது வரி, 'டி' வந்தால் டேப். எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டியிலிருந்து சி டிரைவின் 'யூசர்ஸ்' பாதையை நகலெடுத்து அப்படியே ஒட்டினால், பின்சாய்வையும் பெரிய 'யூ'வையும் சேர்த்துப் பார்த்து ஏதோ யூனிகோட் எண் வரப்போகிறது என்று பைத்தான் நினைத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும் முன்பே சின்டாக்ஸ் எரர் வந்து நிற்கும். மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு 'ஆர்' போட்டால் இது தீரும். ஆனாலும் அந்தப் பாதை அந்த ஒரு கணினிக்குத்தான் பொருந்தும்.

அதனால் பாத்லிப், கோப்புப் பாதைகளைக் கையாளும் பைத்தான் தொகுதி. 2014-இல் வந்த பைத்தான் 3.4 முதல் கூடவே வருகிறது, தனியாக நிறுவ வேண்டியதில்லை. 3.6 முதல் 'ஓபன்' உட்படப் பெரும்பாலானவை இதன் பாதையை நேரடியாக வாங்கிக்கொள்ளும். பாத்லிப்பிலிருந்து 'பாத்'தை இறக்குமதி செய்துவிட்டு,

வேர் = பாத்.ஹோம்() / "நூல்கள்"

என்று எழுதினால் முடிந்தது. விண்டோஸில் 'யூசர்ஸ்' கீழும், மேக்கில் அதே பெயருள்ள அதன் ஃபோல்டரின் கீழும், உபுண்டுவில் 'ஹோம்' கீழும் இருக்கும் அவரவர் வீட்டு ஃபோல்டரை அதுவே கண்டுபிடிக்கும். நடுவில் இருக்கும் சாய்வுக்கோடு இரண்டையும் இணைக்கும் குறி.

வீட்டு ஃபோல்டருக்கு நேர் கீழேயே ஒரு ஃபோல்டர் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 'டாக்குமென்ட்ஸ்', 'டெஸ்க்டாப்' இரண்டையும் நம்ப முடியாது. விண்டோஸில் ஒன்டிரைவ் பின்சேமிப்பு போட்டிருந்தால் அவை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோய்விடும். பழைய இடத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. லினக்ஸைத் தமிழ் இடைமுகத்தில் நிறுவியிருந்தால் அந்த ஃபோல்டர்களின் உண்மைப் பெயரே தமிழில் இருக்கலாம். மேக்கில் கேட்டலினா வந்த 2019 முதல், இந்த ஃபோல்டர்களுக்குள் டெர்மினல் நுழையவே பயனரிடம் அனுமதி கேட்கும். ஒரு தடவை 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டால் அதன் பிறகு பெர்மிஷன் எரர்தான் வரும். கணினி அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மறுபடி அனுமதி கொடுக்கும் வரை தீராது. கட்டாயம் அந்த ஃபோல்டர்கள்தான் வேண்டும் என்றால் பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற சிறு நூலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வெறும் "பட்டியல்.டிஎக்ஸ்டி" என்று பெயரை மட்டும் கொடுத்தால், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் பைத்தான் தேடாது. நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுகிறீர்களோ அங்கேதான் தேடும். விஎஸ் கோடில் ஓடியது டெர்மினலில் ஓடவில்லை என்று புலம்புகிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் காரணம். ஸ்கிரிப்ட்டின் பக்கத்தில் உள்ள கோப்பு வேண்டுமானால் பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட் என்பதிலிருந்து தொடங்குங்கள். 'ஃபைல்' என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு.

தேடல்

வேர்.ஆர்குளோப்("*") என்றால் உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவரும். நட்சத்திரத்துடன் நேரடியாக டாக்எக்ஸ் என்ற பின்னொட்டையும் சேர்க்கலாம். ஆனால் லினக்ஸ் சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் வெவ்வேறாகப் பார்க்கும், பின்னொட்டைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கும் கோப்புகள் விட்டுப்போகும். அதனால் எல்லாவற்றையும் வரவழைத்து, ஒவ்வொன்றின் .சஃபிக்ஸ்.லோயர்() என்ன என்று பார்த்து வடிகட்டுகிறேன். பைத்தான் 3.12 முதல் எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று ஆர்குளோப்பிடமே சொல்ல முடியும். எங்கள் மூன்று கணினியிலும் ஒரே பதிப்பு இல்லாததால் நான் அந்த வழிக்குப் போகவில்லை.

வடிகட்டும்போது இரண்டு வகைக் குப்பையையும் தள்ளிவிடுங்கள். வேர்டில் ஒரு கோப்பு திறந்திருக்கும்போது, ~$ என்று தொடங்கும் மறைவான பூட்டுக் கோப்பு ஒன்று பக்கத்திலேயே முளைக்கும். அதே மாதிரி, மேக்கில் செருகிய பென்டிரைவில் ஒவ்வொரு கோப்புக்கும் ._ என்று தொடங்கும் இரட்டை ஒன்று வந்து உட்காரும். இரண்டுக்குமே பின்னொட்டு டாக்எக்ஸ்தான். இரண்டிலுமே நூல் இருக்காது. இவை இப்போதுதான் எழுதப்பட்டவையாகவும் இருக்கும் என்பதால், 'புதியது எது' என்று தேடும் ஸ்கிரிப்ட் மிகச் சரியாக இவற்றைத்தான் கொண்டுவந்து நீட்டும். பெயர் இந்தக் குறிகளில் தொடங்குகிறதா என்று .ஸ்டார்ட்ஸ்வித் மூலம் பார்த்து விலக்கிவிடுங்கள்.

புதியதைத் தேர்ந்தெடுக்க மேக்ஸ் போதும். ஒவ்வொரு கோப்பின் .ஸ்டேட்().எஸ்டி_எம்டைம் மதிப்பை (கடைசியாகத் திருத்திய நேரம்) திறவுகோலாகக் கொடுங்கள். டிஃபால்ட்=நன் என்பதையும் மறக்காமல் கொடுங்கள் ('நன்'னில் முதல் எழுத்து பெரியது). இல்லாவிட்டால் ஒன்றுமே கிடைக்காத அன்று வேல்யூ எரர் வரும். எஸ்டி_சிடைம் பக்கம் போகாதீர்கள். விண்டோஸில் அது கோப்பு உருவான நேரம். லினக்ஸில் பெயரோ அனுமதியோ மாறினால்கூட அது மாறிவிடும். மின்னஞ்சலிலிருந்து இறக்கிய கோப்புக்குப் பெரும்பாலும் இறக்கிய நேரம்தான் பதிவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்கிரிப்ட் ஒன்றை மட்டும் திறந்தாலும், கடைசி மூன்றின் பெயரையும் நேரத்தையும் திரையில் காட்டும்படி வைத்திருக்கிறேன். கடைசி முடிவு மனிதக் கண்ணுடையதாகவே இருக்கட்டும்.

பட்டியலாக வேண்டுமென்றால் சார்ட்டட் என்பதற்குள் போட்டுவிடுங்கள். விண்டோஸில் தானாகவே அகர வரிசையில் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, உபுண்டுவில் 7-ஆம் அத்தியாயம் 2-க்கு முன்னால் வந்து நிற்பது ஆச்சரியமாக இருக்கும். கோப்புகள் எந்த வரிசையில் வரும் என்று பைத்தான் எங்கேயும் உறுதி தருவதில்லை.

பார்க்க ஒன்று, உள்ளே வேறு

இனி தமிழுக்கே உரிய சங்கதி. "கோடை" என்று ஒரு கோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கிறது. "கோடை" என்று தட்டித் தேடினால் இல்லை என்கிறது. எழுத்துப்பிழை ஏதாவது இருக்குமோ என்று எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் பிழையே இல்லை.

'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்துக்குப் பின் 'ோ' என்ற ஒற்றைக் குறி ஒரு விதம். இரட்டைக்கொம்பு 'ே' தனி, கால் 'ா' தனி என்று இரண்டாகப் பிரித்து வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. குறியின் யூனிகோட் எண்ணைத் தரும் 'ஆர்டு' சார்பைப் பெயரின் ஒவ்வொரு குறிக்கும் கொடுத்து எண்களைப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

ஒட்டியது: 2965, 3019, 2975, 3016
பிரிந்தது: 2965, 3015, 3006, 2975, 3016

ஒன்றில் நான்கு, மற்றதில் ஐந்து. இரண்டு சரங்களும் சமமா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்றே சொல்லும். 'கொ', 'கோ', 'கௌ' வரிசைகளும் 'ஔ'வும்தான் இப்படிப் பிரியக்கூடியவை. 'கை' பிரியாது.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தேதான் சேமிக்கும். இப்போதைய ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது, தேடும்போது இரண்டு வடிவத்தையும் ஒன்றாகவே பார்க்கிறது. அதனால் மேக்கில் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பிரச்சினையே தெரியாது. அங்கிருந்து ஜிப் செய்து அனுப்பினால் இங்கே லினக்ஸில் பைட் பைட்டாக ஒப்பிடும்போதுதான் சிக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் அப்படித்தான், இரண்டையும் தனித்தனிப் பெயர்களாகவே பார்க்கும். ஒரே ஃபோல்டரில் பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

மருந்து எளியது. யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் என்பதற்கு "என்எஃப்சி" என்ற மூன்று பெரிய எழுத்துகளையும் பெயரையும் கொடுத்தால் ஒட்டிய வடிவத்தைத் திருப்பித் தரும். தேடும் சொல், கோப்பின் பெயர் இரண்டையுமே இதில் போட்டு எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். நான் 'சீர்' என்று ஒரு சிறு சார்பு எழுதி, எல்லா ஒப்பீட்டையும் அதன் வழியாகவே விடுகிறேன்.

ஆனால் சீராக்கிய பெயர் ஒப்பிடுவதற்கு மட்டும்தான். கோப்பைத் திறக்கும்போது ஆர்குளோப் கொடுத்த பாதையை அது கொடுத்தபடியே கொடுங்கள். சீராக்கிய பெயரால் திறக்கப் போனால் லினக்ஸ் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று கையை விரித்துவிடும்.

என்எஃப்சி தீர்க்காத இரண்டும் இருக்கின்றன. ஒன்று ஸ்ரீ. 'ஸ' (3000) வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' (2998) வைத்தும் எழுதலாம். இரண்டும் ஒரே உருவத்தில் தெரியும். ஆனால் யூனிகோட் கணக்கில் இவை வெவ்வேறு எழுத்துகள் என்பதால் நார்மலைஸ் தொடாது. ஸ்ரீரங்கம் பற்றி ஒரு நூல், ஸ்ரீனிவாசன் என்று ஒரு ஆசிரியர் என்றால் இந்தச் சிக்கல் வாசலுக்கே வந்துவிடும். 'சீர்' சார்புக்குள் ஒரு ரீபிளேஸ் போட்டு ஒன்றை மற்றதாக மாற்றிவிடுங்கள். இன்னொன்று கண்ணுக்கே தெரியாத இணைப்புக் குறிகள், எண்கள் 8204, 8205. வேறு எங்கிருந்தாவது பெயரை நகலெடுத்து ஒட்டும்போது இவை கூடவே வரும். அதே சார்பில் இவற்றையும் நீக்கிவிடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மாறியின் பெயராக 'கோடை' என்று வைத்தால், எந்த வடிவில் தட்டினாலும் பைத்தான் தானே சீராக்கி ஒன்றாக எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் வந்த சரத்தை மட்டும் தொடாது.

கோப்புகளின் பெயரையே ஒரேயடியாகச் சீராக்க நினைத்தால், .ரீநேம் கொடுக்கும் முன் அந்தப் பெயரில் வேறு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விண்டோஸ் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸ் ஒரு வார்த்தை பேசாமல் பழையதை அழித்துவிட்டு மேலே எழுதிவிடும்.

நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடம் உண்டு. உபுண்டுவின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் எல்லை 255 பைட். யூனிகோட் குறிகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும், ஆக 85 குறிகள்தான். அதிலும் 'க்' என்பது இரண்டு குறி, 6 பைட். 'ஆசிரியர் பார்த்துத் திருத்திய இறுதி வடிவம், முன்னுரையுடன், இதுவே கடைசி' என்று பெயரிலேயே கடிதம் எழுதுகிறவர்கள் இன்னும் நாலைந்து சொல் சேர்த்துவிட்டால், கோப்பு விண்டோஸில் சமத்தாக இருக்கும், உபுண்டுவில் நகலெடுக்கவே மறுக்கும். பெயரை .என்கோட்() செய்து லென் பார்த்தால் பைட் கணக்கு தெரிந்துவிடும்.

உரையைப் படிக்கத் திறப்பது

டிஎக்ஸ்டி, சிஎஸ்வி கோப்புகளைப் படிக்க, வித் என்பதோடு சேர்த்து 'ஓபன்' போதும். ஆனால் என்கோடிங்="யூடிஎஃப்-8" என்பதை ஒவ்வொரு தடவையும் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் விண்டோஸ் பெரும்பாலும் சிபி1252 என்ற மேற்கத்திய முறையில் படிக்கப் பார்க்கும். தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டாக இருக்கும், அதில் கடைசி பைட்டின் மதிப்பு 141. சிபி1252-இல் அந்த இடம் காலி. ஆகவே உரையில் முதல் மெய்யெழுத்தின் புள்ளி வந்ததும் யூனிகோட் டிகோட் எரர். பிழைச் செய்தியில் 8-உம் டி-யும் சேர்ந்து தெரிந்தால் அது புள்ளிதான். புள்ளி இல்லாத தமிழ் வரி ஏது!

வேறு சில மென்பொருள்கள் பிழை காட்டாமல், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாகத் திரையை நிரப்பும். அதுவும் இதே நோய்தான். அந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள், மூடிவிட்டுச் சரியான என்கோடிங்கில் திறந்தால் தமிழ் பத்திரமாக இருக்கும்.

எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். முதல் நெடுவரிசையின் தலைப்பை மட்டும் ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாமல் இருப்பது அதனால்தான். என்கோடிங்கை "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள். குறி இருந்தால் நீக்கும், இல்லாவிட்டாலும் குறையில்லை.

பைத்தான் 3.15 முதல் யூடிஎஃப்-8-ஏ இயல்பு என்று பெப் 686 என்ற பைத்தான் முன்மொழிவில் முடிவாகியிருக்கிறது. அது எல்லாக் கணினிக்கும் வந்து சேரும் வரை, விண்டோஸில் பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறியை (எல்லாம் பெரிய எழுத்து) 1 என்று வைத்துவிடலாம். திரையில் ஒழுங்காக வந்த தமிழ், வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியதும் என்கோட் எரர் தருவதும் இதில் சரியாகிவிடும்.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்து முறைகளான டிஸ்கி, பாமினி காலத்துக் கோப்புகள் வேறு கதை. டிஸ்கிக்கு பைத்தானிலேயே வழியில்லை. லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும், முதலில் அதில் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

செயலியில் திறப்பது

வேர்டு கோப்பை ஆள் பார்ப்பதற்காகத் திறக்க வேண்டும் என்றால் மூன்று கணினிக்கும் மூன்று வழி. சிஸ்.பிளாட்ஃபார்ம் என்ன என்று முதலில் கேளுங்கள். "வின்32" என்றால் விண்டோஸ் (64 பிட் கணினியிலும் பதில் இதுதான்), ஓஎஸ்.ஸ்டார்ட்ஃபைல் கொடுங்கள். அது மற்ற இரண்டிலும் கிடையாது. "டார்வின்" என்றால் மேக், சப்பிராசஸ்.ரன் வழியாக "ஓபன்" கட்டளை. மற்றபடி லினக்ஸ், அதே ரன் வழியாக "எக்ஸ்டிஜி-ஓபன்".

ரன் கொடுக்கும்போது கட்டளையையும் பாதையையும் ஒரே சரமாக ஒட்டாமல், சதுர அடைப்புக்குள் இரண்டு தனி உறுப்புகளாகக் கொடுங்கள். பெயருக்குள் இடைவெளியோ, அடைப்புக்குறியோ, ஒற்றை மேற்கோளோ இருந்தாலும் உடையாது. ஷெல்=ட்ரூ போட்டால் இத்தனை நேரம் பட்ட பாடும் வீண்.

திறந்த பின் ஸ்கிரிப்ட் காத்திருக்காது. ஆள் வேர்டை மூடிவிட்டார் என்று நினைத்து அடுத்த வரியில் கோப்பை நகர்த்தும்படி எழுதினால், லினக்ஸும் மேக்கும் நகர்த்த விட்டுவிடும். விண்டோஸ் 'இன்னொரு நிரல் பயன்படுத்துகிறது' என்று பெர்மிஷன் எரர் தரும், எண் 32. நகர்த்தும் வேலையைத் தனி ஸ்கிரிப்டாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருக்கிறவர்களிடம் சிஸ்.பிளாட்ஃபார்ம் "லினக்ஸ்" என்றே சொல்லும், ஆனால் எக்ஸ்டிஜி-ஓபன் அங்கே இல்லாமலும் இருக்கலாம். ஷ்யூடில்.விச் கொண்டு அந்தக் கட்டளை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்று வந்தால் கோப்பின் முழுப் பாதையைத் திரையில் அச்சிட்டுவிட்டு ஸ்கிரிப்ட் முடிந்துவிடட்டும், அதை நகலெடுத்து அவர்களே திறந்துகொள்வார்கள்.